மகாராணியும் மச்சினன் கைரேகையும்

செப். 6, சனி

வெயில். காலை எட்டு மணிக்கே விஸ்வநத்தம் ரோட்டில் தார் இளகி என் செருப்பைப் பிடுங்கப் பார்த்தது. பிரஸ்ஸுக்கு அரை நாள் லீவு. காலண்டர் சீசனில் லீவு கேட்கிறவன் மனுசனே இல்லை என்பார் முதலாளி. சொல்லட்டும். என் வீட்டில் ஒரு பேரரசி முட்டையோடு இருக்கிறாள்.

ம.ரா. நிலை: நலம். (ம.ரா. = மகாராணி, என் நீலக் கிரே ஃபிஷ். சிங்கி இறாலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. நல்ல தண்ணீரில் வாழ்கிறவள். இனி சுருக்கம்தான். பேனா மையாவது எங்கள் வைப்பாறு மாதிரி வறண்டுபோகாமல் இருக்கணும்.) வாலுக்கு அடியில் கறுத்த கடுகு போல முட்டை, ஒரு முந்நூறு. மச்சினன் ஸ்டீபன் எண்பது என்கிறான். அவனுக்கு எண்ணத் தெரியாது.

இன்று ஏழாம் நாள். இது மூன்றாவது ஈடு. முதல் ஈட்டை அவள் புருசன் ஜமீன்தார் தின்று ஏப்பம் விட்டான். இரண்டாவதை அவளே உதிர்த்தாள். எதிர் வீட்டுக் காதுகுத்துக்குப் போட்ட சரவெடியில் தொட்டியே நடுங்கியது. ஆகவே இந்தத் தடவை ஜமீன்தார் நாடு கடத்தல். குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டி, தனி வாசம். எதிர் வீட்டுக்கு எச்சரிக்கை. அடுத்த வெடிக்கு நான் பீரங்கி வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெபா கட்டளைகள், மறக்காமல் இருக்க. (ஜெபா: மச்சினன் மகள், கெமிஸ்ட்ரி டீச்சர், இந்தத் தொட்டியை எனக்குப் பிறந்தநாள் பரிசாகத் தந்து என் தூக்கத்தைக் கெடுத்தவள்.)

1. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு நாள் திறந்து வைக்கணும்.
2. வாரத்துக்கு ஒரு தடவை, கால் தொட்டி மட்டும்.
3. ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு.
4. கொசு மருந்து கூடாது.
5. செம்பு ஆகவே ஆகாது. மீன் தாங்குகிறதைக்கூட இறால் தாங்காது.

ஐந்தாவதை அமல்படுத்தியதில் போன மாதம் மேரி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. (மேரி: என் மனைவி. ஸ்டாஃப் நர்ஸ். ஊசி இல்லாமலே குத்துவாள்.) அவளுடைய செப்புக் குடத்தைப் பரணில் ஏற்றினேன். “எங்க அம்மா வீட்டுச் சீர் அது. ஒரு பூச்சிக்காக மேல ஏத்துறீகளா” என்றாள். பூச்சி என்ற சொல் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

இன்றைய சாதனை: பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம். பட்டாசுக் கம்பெனி கழித்தது. யானைத் தோல் கனம். உலக்கையால் இடித்தாலும் உலக்கைதான் உடையும். ஏழு தடவை கழுவினேன். இதிலிருந்து ஒரு சொட்டுகூட அடுப்படிக்குள் வரக் கூடாது என்று மேரி தடை உத்தரவு. வேண்டாமே. ம.ரா.வுக்கே அர்ப்பணம்.

டிரம்மில் இருந்த லேபிளை முழுசாக உரித்து இந்த நோட்டின் எதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், சந்ததிகள் பார்த்து அழட்டும் என்று. முப்பத்திரண்டு வருசம் ஆப்செட் மிஷினில் நிற்கிறவன் சொல்கிறேன், இது அச்சு இல்லை, அவமானம். சிவப்பு, கறுப்பை விட்டு ஒரு மயிரிழை விலகி நிற்கிறது. கட்டத்துக்குள்ளே ஒரு மரம், ஒரு மீன்; விலகின விலகலில் மீனுக்கு ரெண்டு வயிறு. எழுத்தெல்லாம் மை இழுகி மீசை வைத்திருக்கிறது. இதை அடித்தவன் எங்கே இருந்தாலும் அவன் கையில் இங்க் கத்தியைக் கொடுக்கக் கூடாது.

செப். 7, ஞாயிறு

மேகம் வந்தது, ஊரைப் பார்த்தது, பிடிக்கவில்லை, போய்விட்டது. கோயிலில் பொறுமையைப் பற்றி முக்கால் மணி நேரப் பிரசங்கம். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் இருந்த பொறுமையும் தீர்ந்தது.

நேற்று மாலை குழாயில் தண்ணீர். எட்டு நாளைக்குப் பிறகு. டிரம் கழுத்து வரை. ஒரு நாள் திறந்து வைத்து இன்று சாயந்திரம் கால் தொட்டி மாற்றினேன். ம.ரா. குழாய்த் துண்டுக்குள்ளிருந்து மீசையை மட்டும் நீட்டி ஏற்றுக்கொண்டாள்.

மாடியில் ஸ்டீபன் தன் நாலு வாளியையும் நிரப்பினான். (மச்சினன், மேரியின் தம்பி. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். பொஞ்சாதி தவறிய பிறகு ஜெபாவோடு எங்கள் மாடியில் வாசம்.) கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் வாளித் தண்ணீர் நிரம்பி நிற்கணும் என்பது சட்டம். இவன் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. குடிக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, ஊரே தண்ணீருக்குச் செத்தாலும் ஒரு கப் மோக்கக் கூடாது. மாடியில் எரிகிறது ஒரே ஒரு கேஸ் அடுப்பு. அதற்கு நாலு வாளிப் பட்டாளம். கேலி பண்ணினால் சிரிக்கிறான். கேலி பண்ணுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

செப். 9, செவ்வாய்

கோபம். முதலில் பிரஸ் கோபம்.

நான் அடித்த தினசரி காலண்டர் சாம்பிளை முதலாளி தூக்கிவந்தார். பிப்ரவரியில் முப்பதாம் தேதி விழுந்திருக்கிறதாம். “படிக்கலியா அண்ணாச்சி” என்கிறார். படிக்கிறதற்கு ஒருவன் சம்பளம் வாங்குகிறான். நான் பார்ப்பது புள்ளி, மை, ரிஜிஸ்டர் (நிறத்தின் மேல் நிறம் பிசகாமல் உட்கார்கிறதா என்பது). அந்த முப்பதாம் தேதி எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று ஒருவனாவது சொன்னானா? உலகம் நன்றி கெட்டது.

அடுத்து வீட்டுக் கோபம். பிரஸ் கோபம் இதன் கால் தூசு.

தொட்டி நத்தைகள் செத்துவிட்டன. செடியோடு ஒட்டிவந்த பொடி நத்தைகள், பன்னிரண்டோ பதினாலோ. அத்தனையும் அடியில், ஓட்டு வாய் திறந்து. ம.ரா. குழாயை விட்டு வெளியே நிற்கிறாள். கேரட் வைத்தேன், தொடவில்லை. முட்டைக்கு வாலால் விசிறுவாளே, அது நின்று நின்று நடக்கிறது, கரண்ட் குறைந்த ஃபேன் மாதிரி.

கண்ணாடியில் ஒரு கைரேகை. வெள்ளிக் கைரேகை! பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி. இங்கே விரல் மின்ன வீட்டுக்கு வருகிறவன் ஒரே ஒருவன்.

துடைக்கவில்லை. சாட்சி.

செப். 10, புதன்

காற்று. புழுதி. ம.ரா. சாய்ந்தாள்.

காலையில் பார்க்கிறேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை மட்டும் ஆட்டுகிறாள். குச்சியால் நிமிர்த்தினேன். நின்றாள். மறுபடி சாய்ந்தாள். அடியில் உதிர்ந்த முட்டை, எண்ண மனசு வரவில்லை. உடனே இன்னொரு கால் தொட்டித் தண்ணீர் மாற்றினேன். ஜெபா கட்டளை எண் 2 மீறல்தான். ஆபத்துக்கு விதி இல்லை. மதியம் இன்னும் மோசம்.

ஜமீன்தார் மட்டும் குளியலறையில் குண்டுக்கல்லாக இருக்கிறான். மேரி அடுப்படித் தண்ணீரை ஊற்றி, மீந்த கீரையைப் போட்டு வளர்க்கிறாள். ஆய்ந்து பார்த்தேன். ஜமீன்தார் தொட்டிப் பக்கம் ஸ்டீபன் போவதில்லை. ம.ரா. தொட்டியில் அவன் ரேகை. ஜமீன்தார் நலம், ம.ரா. சாகக் கிடக்கிறாள். இதற்கு மேல் உலகத்தில் ஒரு நீதிபதிக்கு என்ன வேணும்?

சாயந்திரம் ஸ்டீபன் வழக்கம் போல வேலை விட்டு நேரே தொட்டிக்கு வந்து குனிந்தான். எங்கள் மூன்று பேருக்கும் மேரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். கேட்டேன் என்ன, வானம் இடிந்து விழுகிற மாதிரி கேட்டேன். வெடிமருந்துக் கையைத் தொட்டிக்குள் விட்டாயா என்றேன். இல்லை என்றான். கண்ணாடியை வெளியே தொட்டதோடு சரி, முட்டையை எண்ணத்தான் வருகிறேன் என்றான். நம்பவில்லை. கை சுத்தம் இல்லாதவன் என்றேன். ரெண்டு தடவை.

அவன் சிரிக்கவில்லை. நான் பார்த்து முதல் தடவை.

“இருவத்தாறு வருசமா இந்தக் கையாலதான் மருந்து தொடுறேன் அத்தான். என் பொறுப்புல நாப்பது பொம்பளைக வேல பாக்காக. ஒரு பொறி விழுந்ததில்ல. உங்க தொட்டியவா கெடுப்பேன்?”

தோசையை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். மேரி அடுப்பை அணைத்தாள். எனக்கு அப்புறம் தோசை வரவில்லை. கேட்கவும் இல்லை.

செப். 11, வியாழன்

வெயில், அதுவும் கோபமாக.

வீட்டு நிலவரம்: மேரி, பேச்சு இல்லை. ஸ்டீபன், விடியுமுன் கம்பெனி வேன் ஏறிவிட்டான். ராத்திரி சாப்பாடு வெளியே ரொட்டிக் கடையில். அக்கா வீட்டுச் சோறு இருக்கும்போது ரொட்டிக் கடை! தெருவே பார்க்கும். என்னை அவமானப்படுத்தத்தான். நான் சொன்னது அதிகம் என்று மேரியின் முதுகு சொல்கிறது. அவள் முதுகுக்கு நல்ல உச்சரிப்பு.

பட்டாசு ஃபோர்மேனைக் கை சுத்தமில்லாதவன் என்பது டிரைவரைக் கண் தெரியாதவன் என்பது போல என்று பிரஸ்ஸில் ஒருவன் சொன்னான். நான் கதையை வேறு யாருக்கோ நடந்ததாகத்தான் சொல்லியிருந்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஜெபா சூலக்கரையில் டீச்சர்களுக்கான பயிற்சியில் இருக்கிறாள், விருதுநகரில் சினேகிதி வீட்டில் தங்கல். நாளை வருவாள். போன் போட்டேன். அறிகுறியெல்லாம் சொன்னேன்: நத்தை சாவு, சாய்வு, உதிர்வு. உன் அப்பன்தான் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. “எந்தத் தண்ணி ஊத்துனீக மாமா?” என்றாள். நான் கொலையைச் சொல்கிறேன், இவள் தண்ணீரைக் கேட்கிறாள். கட் பண்ணிவிட்டேன். அப்பனுக்குப் பரிந்து பேசாத மகள் எங்கே இருக்கிறாள்?

ம.ரா.: காலையில் நின்றாள். மாலையில் சாய்வு. வாலை மட்டும் சுருட்டி முட்டையை மூடிக்கொண்டிருக்கிறாள். தான் விழுந்தாலும் அதை விடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

செப். 12, வெள்ளி

இதை எழுதுவது எல்லாம் முடிந்த பிறகு. கை இன்னும் ஈரம்.

சாயந்திரம் ஜெபா வருமுன் அவள் அப்பன் மீது குற்றப்பத்திரிகை தயாராக வேணும் என்று பிரஸ்ஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். தேதி வாரியாக, அசைக்க முடியாதபடி. இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன்.

10: முட்டை உதிர்வு. 9: நத்தை, கைரேகை. அதற்கு முன்னே? 7: தண்ணீர் மாற்றம். 6: டிரம்.

எதிர்ப் பக்கம். லேபிள்.

அச்சடித்த காகிதம் ஒன்றை முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாகப் படித்தேன்.

காப்பர். இங்கிலீஷில், கட்டை விரல் பருமன் எழுத்தில். அதன் பின்னால் ரயில் மாதிரி நீளமாக இன்னொரு வார்த்தை. அது எதற்கு, எஞ்ஜின் போதும். கீழே பொடியில், நீரில் வாழ்கிறவற்றுக்கு நஞ்சு என்று. அந்த ரெண்டு வயிற்று மீன் நீந்தவில்லை. செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் மரமும் பட்டுப்போய் நிற்கிறது. நான் ஏதோ கம்பெனிச் சின்னம் என்று நினைத்து அதற்கு ரிஜிஸ்டர் பார்த்திருக்கிறேன்.

வானத்தில் நீலமாக வெடிக்கிறதற்குச் செம்புதான் சேர்க்கிறார்கள். ஸ்டீபன் இதே சாப்பாட்டு மேசையில் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

மேரியின் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, ஒரு டிரம் செம்பைச் சுமந்துவந்து, ரெண்டு தடவை நானே ஊற்றினேன். சாகக் கிடக்கிறாளே என்று இன்னும் கொஞ்சம்.

நல்ல தண்ணீர் உடனே வேணும். குழாய் வர இன்னும் ரெண்டு நாள். அடுப்படிக் குடங்களில் அடித் தண்ணீர்தான் மிச்சம். விஸ்வநத்தத்தில் திறந்து வைத்து, குளோரின் போய், ஒரு கை படாமல், விளிம்பு வரை நிற்கிற தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

மாடிப்படி பதினாறு. இமயமலை ஏறினவன் எவனும் இம்புட்டு மூச்சு வாங்கியிருக்க மாட்டான். ஸ்டீபன் அப்போதுதான் வேலை விட்டு வந்து, கைகூடக் கழுவாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தேன். கம்பீரமானது. வாயில் வந்தது இதுதான்:

“வாளி வேணும் ஸ்டீபா.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொல்லி முடிக்குமுன் ரெண்டு வாளி அவன் கையில், கால் படியில். “எங்கன?” என்றான். முகத்தில் ரத்தம் இல்லை. அந்த வாளியை யாராவது கேட்டால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். நான் அவனைக் கேலி பண்ணின அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு நொடியில் என் மேல் விழுந்தது.

பின்னாலேயே ஓடி நடுப்படியில் சொன்னேன். தீ இல்லை. டிரம்மில் செம்பு. நான்தான் வாங்கினது. நான்தான் ஊற்றினது. நான்தான்.

நின்றான். வாளி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் இறங்கி, தொட்டி பக்கத்தில் வாளியை வைத்தான். ம.ரா.வைப் புதுத் தொட்டிக்கு எடுக்கணும். அதற்கு அவன் கைதான் வேணும். வெள்ளி அப்பிய ரெண்டு கையையும் என் முன்னால் விரித்தான்.

“கழுவிட்டுத் தொடவா அத்தான், அப்படியே தொடவா?”

திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். இது என்ன கேள்வி?

“எப்படியும் தொடுலே” என்றேன். 

அவன் போய் சோப்புப் போட்டு முழங்கை வரை மூன்று தடவை கழுவிவிட்டு வந்தான். நாலு வாளியையும் அவனே சுமந்தான். என்னைத் தொட விடவில்லை.

செப். 13, சனி

மப்பு. மழை இல்லை.

ம.ரா. வேறொரு பிளாஸ்டிக் தொட்டியில், வாளித் தண்ணீரில். நிற்கிறாள். சாயவில்லை. ஜெபா டார்ச் அடித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. ஒட்டியிருப்பது பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். டிரம் மூடியின் உள்விளிம்பில் பஞ்சை விட்டுத் துடைத்துக் காட்டினாள். பச்சையும் நீலமுமாகப் பொடி. ஏழு தடவை கழுவினேனே, மூடியைத் திருப்பினேனா? எனக்கு என் மேல் வருகிற கோபத்துக்கு என்னையே நாடு கடத்தணும். குளியலறையில் ஜமீன்தார் இருக்கிறான், இடமில்லை.

ஜமீன்தார் ஏன் குண்டுக்கல்லாக இருந்தான் என்று மேரியிடம் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மூன்று தடவை.

பழைய சாமான் கடைக்காரனைக் கிழித்துத் தோரணம் கட்டப் போனேன். “லேபிளோடதானே அண்ணாச்சி குடுத்தேன்” என்றான். திரும்பி வந்தேன். டிரம்மை ஸ்டீபன் கம்பெனி ஸ்டோரில் ஒப்படைக்க ஏற்றிப் போனான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நேரடியாக இல்லை, இன்று ஆட்டுக்கறி எடுத்தேன். சாப்பிட்டான். ரெண்டாம் தடவை சோறு கேட்டான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கழுவின கையால் எலும்பைக் கடிக்கிறான், கடித்துவிட்டு அந்தக் கையையே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான். என் தட்டில் இருந்த கறியையும் அவன் பக்கம் தள்ளினேன்.

மேரி செப்புக் குடத்தைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு நேர் எதிரே வைத்திருக்கிறாள். சூரியன் மாதிரி மின்னுகிறது. மூன்று வேளையும் அதன் முகத்தில்தான் விழிக்கணும்.

செப். 21, ஞாயிறு

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுதும் மூடு இல்லை.

பிரஸ்ஸுக்குள் நுழைந்தால் பையன்கள் லேபிள், பில், டீக்கடைச் சீட்டு, எதையாவது நீட்டி “படிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி” என்கிறார்கள். கதை எப்படிப் போனது? ஸ்டீபன் சத்தியமாகச் சொல்லவில்லை என்கிறான். மேரி சத்தியம் பண்ண மறுத்துவிட்டாள்.

இப்போது எதையும் படிக்காமல் இருக்க முடியவில்லை. ஷாம்பு, பிஸ்கட், பல்பொடி எல்லாம் படித்துவிட்டேன். உலகத்தில் எதுவுமே தின்கிற லாயக்கில் இல்லை.

ம.ரா. கேரட் தின்றாள். விசிறுகிறாள். ஜெபா டார்ச்சில் முட்டைக்குள் ரெண்டு ரெண்டு கறுப்புப் புள்ளி பார்த்தாளாம். கண் என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

ஸ்டீபன் சாயந்திரம் தொட்டிப் பக்கம் வருவதில்லை. எட்ட நின்று எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் படியேறிவிடுகிறான். கண்ணாடித் தொட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். வெளிப்பக்கத்து ரேகையை மட்டும் கழுவவில்லை.

செப். 24, புதன்

மழை! சாயந்திரம் நாலு துளி, ஆனாலும் மழை. கரண்ட் இல்லை.

ஆறு மணிக்கு ஸ்டீபன் வந்தான். எட்ட நின்றே கேட்டான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு நாள்! ஒரு மனுசன் எத்தனை நாள் கறிக்குழம்பு வைப்பான்? வந்து பாருலே, இல்லாட்டி அந்த இறாலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் உன் வாளியில் போட்டுவிடுவேன் என்று கத்தினேன். வந்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான். அப்புறம் ஒரு கை முதுகிலிருந்து அவனுக்கே தெரியாமல் வந்து தொட்டி விளிம்பைப் பிடித்தது. வெள்ளிக் கை.

“அத்தான். வாலுக்கடியில அசையுது.”

கொசுக் குஞ்சு அளவு. தாயின் அடியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பொடிக் கொடுக்கு. நான் நூறு என்றேன். அவன் முப்பத்தொன்று என்றான். மெழுகுவர்த்தி வைத்து மூன்று தடவை எண்ணினேன்.

முப்பத்தொன்று.

என் தொட்டி, என் மகாராணி, மூன்று ஈடு காத்துக் கிடந்தவன் நான். முதலில் பார்த்தது அவன். இதை மட்டும் என்னால் ஏழு பிறவிக்கும் மன்னிக்க முடியாது. மேரி அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, “பூச்சி பெத்துருச்சா” என்கிறாள். மாடியிலிருந்து ஜெபா ஓடி வருகிறாள். ஸ்டீபன் இன்னும் கையை எடுக்கவில்லை.